நேட்டோவில் யார் யாருக்குப் பாக்கி? 5 சதவீதக் கணக்கைப் பற்றி ஒரு விவாதம்

#1 வைகைக்கரையான்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் மாநாடு 2025 ஜூனில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் நடந்தது. அதில், 2035-க்குள் ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தியில்) 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. பழைய இலக்கான 2 சதவீதத்துக்கே பத்து வருடம் மூச்சு வாங்கியவர்கள் திடீரென்று 5 என்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். டிரம்ப் சொல்வதுபோல ஐரோப்பிய நாடுகள் உண்மையிலேயே அமெரிக்காவுக்குப் பாக்கி வைத்திருக்கின்றனவா? அப்புறம், இந்த 2, 5 எல்லாம் எங்கிருந்து வந்தன? டிவி விவாதங்களில் ஆளாளுக்குக் கத்துகிறார்கள், விளக்கம்தான் கிடைப்பதில்லை. அந்த நாடுகளில் வரி கட்டுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

பாக்கி என்று எதுவும் இல்லை. இரண்டு கணக்கை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று பொதுநிதி. பிரஸ்ஸல்ஸ் தலைமையகம், கூட்டுக் கட்டளை மையங்கள், சில கட்டுமானங்கள் ஆகியவற்றுக்காக எல்லோரும் சேர்ந்து போடும் பணம். 2025-க்கு ஏறக்குறைய 460 கோடி யூரோ. இதில் அமெரிக்காவின் பங்கு ஒரு காலத்தில் 22 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2021 முதல் 16 சதவீத அளவுக்கு இறங்கியது, ஜெர்மனியும் அதே அளவு போட ஒப்புக்கொண்டது. உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து பாதுகாப்புக்குச் செலவிடும் தொகையில் இந்தப் பொதுநிதி 0.3 சதவீதம்தான். சண்டை இதைப் பற்றியே அல்ல.

இன்னொன்று, ஒவ்வொரு நாடும் தன் படைக்குத் தன் பட்ஜெட்டிலிருந்து செய்யும் செலவு. அந்த 2 சதவீதம் இதற்கான அளவுகோல். அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் மாதிரி சங்கத்துக்குக் கட்டும் காசு இல்லை இது, அவரவர் வீட்டுக் கதவுக்கு அவரவர் வாங்கும் பூட்டின் விலை. நீ மட்டமான பூட்டு போட்டிருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கோபப்படலாம், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் எனக்குப் பணம் தரவேண்டும் என்று கேட்க முடியாது.

2006-இல் பாதுகாப்பு அமைச்சர்கள் மட்டத்தில் இந்த 2 பேசப்பட்டது. ரஷ்யா உக்ரைனின் கிரைமியாவை எடுத்துக்கொண்ட பிறகு, 2014 செப்டம்பரில் வேல்ஸ் மாநாட்டில் தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். அப்போதும் அந்தத் தீர்மானம், பத்தாண்டுக்குள் 2 சதவீதத்தை நோக்கி நகர முயல்வோம் என்றுதான் சொன்னது. எட்டத் தவறினால் அபராதம், வெளியேற்றம் எதுவும் கிடையாது. அந்த ஆண்டில் 2-ஐத் தொட்டிருந்தவர்கள் மூன்றே பேர்: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ்.

#3 வைகைக்கரையான்

கிரீஸா? 2014-இல் அவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளத்துக்கே பணம் இருக்குமா என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்ததே!

#4 கணக்குப்பிள்ளை

அதைத்தான் சொல்ல வந்தேன். ஜிடிபி சுருங்கினால், ராணுவத்துக்கு ஒரு யூரோகூடக் கூட்டாமலே சதவீதம் ஏறிவிடும். மேலும் நேட்டோ கணக்கில் ராணுவத்தினரின் ஓய்வூதியமும் சேர்த்தி. கிரீஸின் செலவில் பாதிக்கும் மேல் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும்தான் போனது. மிச்சத்தில் பெரும்பகுதி யாரை மனதில் வைத்து? ரஷ்யாவை அல்ல, துருக்கியை. அந்தத் துருக்கியும் 1952-இலிருந்து நேட்டோ உறுப்பினர், கிரீஸ் சேர்ந்த அதே வருடம். கூட்டாளிக்குப் பயந்து செய்த செலவு, கூட்டணிக்குச் செய்த தியாகமாகப் பட்டியலில் ஏறிவிட்டது.

#5 முனிச்_மணி

கணக்குப்பிள்ளை சார் சொல்வதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஜெர்மனி. 2014-இல் நார்வேயில் ஒரு நேட்டோ கூட்டுப் பயிற்சி நடந்தது. அதற்குப் போன ஜெர்மன் பட்டாலியன் ஒன்றின் பாக்ஸர் கவச வண்டிகளில் இயந்திரத் துப்பாக்கி இல்லை. வீரர்கள் துடைப்பக் கட்டைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துத் துப்பாக்கிக் குழல் இருக்கவேண்டிய இடத்தில் கட்டி வைத்தார்கள். 2015 பிப்ரவரியில் ஜெர்மன் தொலைக்காட்சியில் செய்தி வந்து ஊர் சிரித்தது. அந்த வண்டிக்கு அந்தத் துப்பாக்கி தேவையே இல்லை என்று ராணுவம் ஒரு விளக்கம் கொடுத்தது. தேவையில்லை என்றால் பெயின்ட் எதற்கு என்பதற்கு விளக்கம் வரவில்லை.

அதே ஆண்டில் ஜெர்மனி பாதுகாப்புக்குச் செலவிட்ட தொகை போலந்தைவிடப் பல மடங்கு அதிகம், கவனியுங்கள். பணம் குறைவு என்பது ஒரு பாதிதான். கொள்முதல் என்ற பெயரில் கோப்பு நகர்வதற்குள் தளவாடம் பழசாகிவிடும். இங்கே வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜெர்மன் நிர்வாகத்தின் வேகத்தைப் பற்றி வெளியூரில் இருக்கும் மதிப்பு ரொம்பவே அதிகம்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி மூன்று நாள் கழித்து, அப்போதைய பிரதமர் ஷோல்ஸ் நாடாளுமன்றத்தில் 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி அறிவித்தார். 2025 மார்ச்சில் அரசியல் சாசனத்தையே திருத்தி, ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேல் போகும் பாதுகாப்புச் செலவுக்குக் கடன் வரம்பு கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை.

#6 வடகடல்

நான் டென்மார்க்கில், யூட்லாந்துப் பக்கம். சதவீதம், கோடி எல்லாம் நீங்கள் கதைக்கிறீர்கள், இங்கே அது எங்கள் லீவு நாளில் வந்து முடிந்தது.

டென்மார்க்கில் 'ஸ்டோர பேதேடாய்' என்று ஒரு பிரார்த்தனை நாள், 1686-இலிருந்து இருக்கிறது. ஈஸ்டர் கழிந்து நாலாவது வெள்ளிக்கிழமை வரும். பழைய காலத்தில் அன்றைக்கு பேக்கரிக்காரரும் வேலை செய்யக்கூடாது. அதனால் முதல்நாள் பின்னேரமே ஏலக்காய் போட்ட கோதுமைப் பணிஸ் (பன்) வாங்கி வைத்து, சூடாக்கி, வெண்ணெய் பூசிச் சாப்பிடுவார்கள். கோயிலுக்குப் போகாதவர்களும் பணிஸை விடமாட்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தவை.

2022 முடிவில் வந்த அரசாங்கம், 2 சதவீத இலக்கை 2033-க்குப் பதிலாக 2030-இலேயே தொடவேண்டும், அதற்குப் பணம் வேண்டும், ஆகவே இந்த லீவை எடுக்கிறோம் என்றது. ஒரு நாள் கூட வேலை செய்தால் வரி கூட வரும் என்பது கணக்கு. 2023 பிப்ரவரியில் கோப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பெரிய ஊர்வலம். தொழிற்சங்கங்கள், தேவாலயக்காரர், இடதுசாரி, வலதுசாரி எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். அந்த மாதக் கடைசியிலேயே சட்டம் நிறைவேறிவிட்டது. 2024-இலிருந்து அது வேலைநாள். மாதச் சம்பளக்காரருக்கு ஈடாக 0.45 சதவீதம் கூட்டித் தருகிறார்கள், அது சம்பளச் சீட்டில் ஒரு தனி வரியாக வருகிறது. சுமை பங்கிடுவது என்று மேலே கதைப்பது கீழே இறங்கி வந்தால் அந்த வரிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 60 லட்சம் சனம் உள்ள இந்த நாடு ஆப்கானிஸ்தானில் 40-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. நேட்டோவின் ஐந்தாவது பிரிவு, ஒருவர் மேல் அடி விழுந்தால் எல்லார் மேலும் விழுந்ததாகும் என்கிற பிரிவு, இதுவரை ஒரே ஒரு தரம்தான் எடுக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 12, அமெரிக்காவுக்காக. அதற்குப் போய் உயிர் கொடுத்த நாட்டிடம், 2025 ஜனவரியில், அதன் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்தை எடுக்கப் படை பலத்தைப் பாவிக்கமாட்டேன் என்று உறுதி தர டிரம்ப் மறுத்தார். டென்மார்க் இப்போது 3 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. யாரிடமிருந்து பாதுகாக்க என்று வேலைத்தலத்தில் பகிடி விடுகிறார்கள்.

#7 செஞ்சட்டை

வடகடல் அண்ணன் சொன்னதில் எல்லாமே வந்துவிட்டது. தொழிலாளியின் விடுமுறை போனது, யாருக்கு ஆதாயம்? பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து, நார்வே, டென்மார்க், பெல்ஜியம், போலந்து, பின்லாந்து என்று வரிசையாக எஃப்-35 போர்விமானம் வாங்குகிறார்கள். ஜெர்மனி 35 வாங்குகிறது. எல்லாம் அமெரிக்கத் தயாரிப்பு. 2025 கோடையிலிருந்து உக்ரைனுக்குப் போகும் அமெரிக்க ஆயுதங்களுக்கும் ஐரோப்பாவே பணம் கட்டுகிறது. சுமைப் பங்கீடு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் இதை விற்பனை என்பேன். 5 சதவீதம் என்பது கடைக்காரர் வாடிக்கையாளருக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச பில் தொகை.

#8 கணக்குப்பிள்ளை

தோழர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் இது டிரம்ப் கண்டுபிடித்த வியாபாரம் இல்லை, 60 வருடப் பழசு.

1951-இல் நேட்டோவின் முதல் தளபதியாகப் போன ஐசனோவர், பத்து வருடத்தில் அமெரிக்கப் படைகள் ஊர் திரும்பவில்லையென்றால் இந்தத் திட்டமே தோற்றதாக அர்த்தம் என்று கடிதம் எழுதினார். பத்து வருடம் கழித்து, அவர் ஜனாதிபதியாக இருந்து இறங்கிய 1961-இலும் படைகள் அங்கேயே இருந்தன. படை இருந்தால் செலவு, அதுவும் ஜெர்மன் நாணயமான மார்க்கில். டாலர் வெளியே ஓடுகிறது, தங்கம் கரைகிறது என்று வாஷிங்டனுக்குக் கவலை. உடனே மேற்கு ஜெர்மனியோடு ஓர் ஏற்பாடு: எங்கள் வீரர்களுக்காக இங்கே செலவாகும் டாலருக்கு ஈடாக நீங்கள் எங்களிடம் ஆயுதம் வாங்குங்கள். 1966-இல் பிரதமர் எர்ஹார்ட் வாஷிங்டன் போய், பட்ஜெட் பற்றாக்குறை, கொஞ்சம் தவணை கொடுங்கள் என்று கேட்டார். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மறுத்துவிட்டார். வெறுங்கையோடு திரும்பிய எர்ஹார்டின் கூட்டணி சில வாரங்களில் பட்ஜெட் தகராறில் உடைந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியே போனது. சுமைப் பங்கீட்டால் ஒரு ஜெர்மன் அரசு கவிழ்ந்தது என்று முழுக்கச் சொல்ல முடியாது, ஆனால் தள்ளியவற்றில் அதுவும் ஒரு கை.

அப்புறம் மான்ஸ்ஃபீல்ட். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்தவர். ஐரோப்பா பணக்கார நாடுகளாகிவிட்டது, இன்னும் நாம் எதற்கு 3 லட்சம் வீரர்களை வைத்திருக்கவேண்டும், பாதியைத் திருப்பிக் கூப்பிடு என்று 1971 மே மாதம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிறைவேறிவிடுமோ என்று நிக்சன் அரசு ஆடிப்போனது. காப்பாற்றியது யார் தெரியுமா? சோவியத் தலைவர் பிரெஷ்னேவ்! வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, இரு தரப்பும் படைக்குறைப்பு பற்றிப் பேசலாம் என்று அவர் பேசினார். பேச்சுவார்த்தை வரப்போகும் நேரத்தில் சும்மா ஏன் குறைக்கவேண்டும் என்ற வாதம் எடுபட்டது. 61-க்கு 36 என்று திருத்தம் தோற்றது.

ஆகவே, டிரம்ப் பேசும் விதம் புதிது, புகார் பழையது.

#9 டொரண்டோ_தயா

கனடாவை எல்லாரும் மறந்துவிட்டீர்கள், கனடாவுக்கு அது பழக்கம்தான். 2 சதவீதப் பட்டியலில் நாங்கள் எத்தனையோ வருடம் கடைசி வாங்கிலில் இருந்தோம். அமெரிக்கா பக்கத்தில் இருக்கும்போது எங்களை யார் தொடப்போகிறார்கள் என்ற நிம்மதி. 1980களில் வாங்கத் தொடங்கிய சிஎஃப்-18 விமானங்கள் இன்னும் பறக்கின்றன. 2025 ஜூனில் எங்கள் பிரதமர் கார்னி, அந்த நிதியாண்டிலேயே 2 சதவீதம் என்று அறிவித்தார். அந்த அமெரிக்காவே எங்களைத் தன் 51-ஆவது மாநிலம் என்று பேசத் தொடங்கியபிறகு சனம் பெரிதாக எதிர்க்கவில்லை.

ஆனால் லாட்வியாவில் உள்ள நேட்டோ படைப்பிரிவுக்குத் தலைமை கனடாதான், 2017-இலிருந்து. 2000 பேர் அளவில் அங்கே இருக்கிறார்கள். 2 சதவீதம் கொடுக்காத காலத்திலும் எல்லையில் நின்றோம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

#10 நெறியாளர்

அமெரிக்கத் தேர்தல் பற்றி வந்த மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். தலைப்போடு நில்லுங்கள்.

#11 கணக்குப்பிள்ளை

தயா கேட்ட கேள்விக்கு 2011-இல் ஒரு பதில் கிடைத்தது. லிபியாப் போர். அந்த ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் பிரஸ்ஸல்ஸில் பேசிய பேச்சு, பதவியிலிருந்து போகும்போது பேசியதால் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். 28 நாடும் லிபியா நடவடிக்கைக்குக் கை தூக்கின, பாதிப்பேர்கூட வரவில்லை. பதினோரு வாரத்தில் பலருக்குக் குண்டு தீரத் தொடங்கி அமெரிக்காவிடம் கேட்கும்படி ஆனது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

அதே பேச்சில் இன்னொரு தகவலும் உண்டு. நார்வேயும் டென்மார்க்கும் அனுப்பியது தாக்குதல் விமானங்களில் 12 சதவீதம். அவை அடித்தது இலக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரண்டுமே அப்போது 2 சதவீதத்துக்குக் கீழே! அப்போது 2-க்கு மேலே இருந்த கிரீஸின் பெயர் அந்தப் பாராட்டில் இல்லை.

என் கருத்து இதுதான். சதவீதம் என்பது அரசியல்வாதிகளுக்கு வசதியான எண். தொலைக்காட்சியில் காட்டலாம், ஒருவரை ஒருவர் திட்டலாம். ராணுவத்துக்குத் தேவையான கேள்வி வேறு: நாளை காலை எத்தனை பிரிகேடு கிளம்பும், எத்தனை நாளுக்குக் குண்டு இருக்கிறது, வானில் எரிபொருள் நிரப்பும் விமானம் யாரிடம், செயற்கைக்கோள் படம் யார் தருவது? இந்தக் கடைசி இரண்டுக்கும் இன்றுவரை பெரும்பாலும் பதில் அமெரிக்காதான். ஐரோப்பா 5 சதவீதத்தைக் கொட்டினாலும், 30 நாடும் தனித்தனியாக டாங்கி வாங்கினால் இந்த ஓட்டை அடைபடாது.

#12 வைகைக்கரையான்

நன்றி சார். அந்த 5-ஐக் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்களேன். ஏதோ பாலமெல்லாம் அதில் வருகிறதாமே?

#13 முனிச்_மணி

3.5 நேரடி ராணுவச் செலவு. மிச்சம் 1.5 சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு மாதிரியானவை. நீங்கள் கேட்ட பாலம் இத்தாலியையும் சிசிலியையும் இணைக்கும் மெஸ்ஸினா பாலமாக இருக்கும். 1350 கோடி யூரோ திட்டம். இதை நேட்டோ கணக்கில் எழுதலாமா என்று ரோமில் அமைச்சர்களே பேசினார்கள். சிசிலியில் நேட்டோ தளம் உண்டு, உண்மை. ஆனால் ரஷ்யா பாலெர்மோ வழியாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அதற்காக 1.5 முழுக்க ஏமாற்று என்று நினைக்கவேண்டாம். ஜெர்மனி லித்துவேனியாவில் 45-ஆவது கவச பிரிகேடை நிரந்தரமாக நிறுத்துகிறது. 2027 முடிவுக்குள் ஏறக்குறைய 5000 பேர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன் பிரிகேடு ஒன்று வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவது இதுவே முதல் முறை. இந்தப் படைக்கு டாங்கி ரயிலில்தான் போகவேண்டும். ஜெர்மனி, போலந்து தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர். லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா என்ற பால்டிக் நாடுகளில் ரஷ்யர்கள் காலத்து 1520. போலந்து எல்லையிலிருந்து லித்துவேனியாவின் கௌனாஸ் வரை ஐரோப்பிய அகலப் பாதை வந்துவிட்டது. அதற்கு அப்பால் போகவேண்டுமென்றால் டாங்கியை இறக்கி வேறு வண்டியில் ஏற்றவேண்டும். ஒரு டாங்கி 60 டன்னுக்கு மேல். போர் நேரத்தில் அந்த யார்டுதான் எதிரியின் முதல் குறி. எஸ்டோனியாவின் தாலின் வரை புதுப்பாதை போடும் ரயில் பால்டிகா திட்டத்துக்கு 2030 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இதைப் பாதுகாப்புச் செலவு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

போலந்தையும் லித்துவேனியாவையும் இணைக்கும் அந்த நிலப்பகுதியே 65 கிலோமீட்டர் அளவுதான். ஒரு பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட், மறுபக்கம் பெலாரஸ்.

#14 செஞ்சட்டை

சரி மணி, அந்த பிரிகேடுக்கு யார் செலவு? ஜெர்மானியரா, லித்துவேனியரா?

#15 முனிச்_மணி

இருவரும். படை, தளவாடம், சம்பளம் ஜெர்மனி. முகாம், பயிற்சித் திடல் எல்லாம் லித்துவேனியா கட்டித் தருகிறது. தலைநகர் வில்னியஸுக்குத் தெற்கே ரூட்னின்கை காட்டில் வேலை நடக்கிறது. குடும்பத்தோடு போவதால் ஜெர்மன் மொழிப் பள்ளி, குழந்தைகள் காப்பகம்கூட ஏற்பாடாகிறது. லித்துவேனியா ஜனத்தொகை 29 லட்சம், அவர்களுக்கு இது பெரிய செலவு. ஆனால் அங்கே யாரும் சதவீதத்துக்கு முணுமுணுப்பதில்லை, 2025-இல் 4 சதவீதத்தைத் தொட்டுவிட்டார்கள். போலந்து அதற்கும் மேலே, 4.5-ஐ ஒட்டி. அமெரிக்காவே 3.2 அளவில்தான் இருக்கிறது.

#16 டொரண்டோ_தயா

மாஸ்கோவுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு சதவீதம். வரைபடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

#17 கணக்குப்பிள்ளை

ஸ்பெயின் அதற்குச் சாட்சி. 2024-இல் பட்டியலின் அடியில் இருந்த நாடு. ஹேக் மாநாட்டுக்கு முன்பு அதன் பிரதமர் சான்செஸ், 5 எங்களால் ஆகாது, ராணுவம் கேட்கும் திறன்களை 2.1-லேயே தந்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டிரம்ப் வர்த்தகத்தில் கை வைப்பேன் என்று மிரட்டினார். சான்செஸின் வாதம் கொள்கை அளவில் நான் மேலே சொன்னதுதான், சதவீதம் வேண்டாம், திறனைப் பார் என்பது. லாட்வியாவில் ஸ்பானிய வீரர்களும் நிற்கிறார்கள். ஆனால் சான்செஸ் வாயில் அந்த வாதம் வரும்போது எனக்கே முழு நம்பிக்கை வரவில்லை. உள்நாட்டில் கூட்டணிக் கட்சிகள் ஒரு யூரோ கூட்ட விடமாட்டார்கள் என்பதுதான் அங்கே நிஜமான காரணம்.

செஞ்சட்டைத் தோழருக்கு ஒன்று. ஐரோப்பா அமெரிக்கக் கடையிலேயே வாங்குகிறது என்றீர்கள். அதை மாற்றத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2025 மே மாதம் 15,000 கோடி யூரோ கடன் திட்டம் கொண்டுவந்தது. வாங்கும் தளவாடத்தின் மதிப்பில் 65 சதவீதமாவது ஐரோப்பாவிலோ சில கூட்டாளி நாடுகளிலோ தயாரானதாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை. வாஷிங்டனுக்கு இது பிடிக்கவில்லை. செலவைக் கூட்டு என்றவர்களுக்கு, கூட்டிய செலவு தங்கள் கடைக்கு வராது என்றதும் சுருதி மாறுகிறது.

#18 செஞ்சட்டை

அப்படியானால் முதலாளி மாறுகிறார், பில் மாறவில்லை. ஜெர்மன் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டாலின் பங்கு விலை ஏறியிருப்பதைப் பாருங்கள்.

#19 வடகடல்

தோழர், கடை எதுவானாலும் பில் எங்களுக்குத்தான், அது விளங்குகிறது. ஆனால் லித்துவேனியாக்காரரிடம் போய் ஆயுதம் வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் கோபம் வேறு. லீவை எடுத்தபோது வேறு வழியே இல்லை என்றார்கள். ஒரு வருடத்துக்குள்ளேயே 2030-க்கு வைத்த இலக்கை அதற்கும் முன்னாலேயே எட்டுகிற அளவுக்குப் பணம் ஒதுக்கினார்கள், அந்த லீவால் வரும் காசு அதற்குப் பக்கத்தில் சில்லறை. அப்படியென்றால் அதைத் திருப்பித் தரலாம்தானே? அதைப் பற்றி மூச்சில்லை.

#20 வைகைக்கரையான்

5 சதவீதத்தை யாராவது எட்டாவிட்டால் என்ன ஆகும்? பழையபடி திட்டோடு சரியா?

#21 கணக்குப்பிள்ளை

ஆண்டுதோறும் ஒவ்வொரு நாடும் திட்டம் காட்டவேண்டும். 2029-இல் மொத்தமாக மறு ஆய்வு என்று ஹேக் அறிக்கையில் இருக்கிறது. அதற்குள், அந்த ஜனவரியிலேயே, அடுத்த அமெரிக்க ஜனாதிபதி பதவி ஏற்றிருப்பார். 2025-இல் கையெழுத்துப் போட்ட பலரும் இது தெரிந்துதான் போட்டார்கள் என்று நினைக்கிறேன். போலந்தும் பால்டிக் நாடுகளும் யார் வந்தாலும் செலவழிப்பார்கள். நான் பார்க்கப்போவது பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின்.

#22 வைகைக்கரையான்

துருக்கி பற்றி யாருமே விரிவாகப் பேசவில்லை. நேட்டோவின் இரண்டாவது பெரிய படை, ஆனால் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை வாங்கி எஃப்-35 திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.